பித்தளைத் தட்டு

தங்கை மகளின் மூன்று மாதக் குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் காது சோதித்தார்கள். "நல்லா கேக்குதும்மா" என்று நர்ஸ் சொன்னதும் தங்கை மகள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். எனக்குப் பழவேற்காட்டில் என் அம்மா தட்டிய பித்தளைத் தட்டு ஞாபகம் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டுச் சின்னம்மாவுக்கும் அவள் புருஷனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. ஏரியில் படகு தூரத்தில் வரும்போதே, இறால் கிடைத்ததை அவர் கையால் சொல்லிவிடுவார். மற்றவர்கள் காற்றோடு கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தக் கைப்பேச்சு எனக்கும் வரும்.

அவர்களுக்குப் பையன் பிறந்ததும், அம்மா அவன் தலைமாட்டில் கரண்டியால் தட்டைத் தட்டினாள். குழந்தை திடுக்கிட்டு அழுதது.

"அப்பாடா, இதுக்குக் கேக்குது" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

சின்னம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

"இன்னாடி சொல்றா?"

"சந்தோசமாம்" என்றேன்.

அவள் கேட்டது வேறு. அப்போ இவன் எங்ககூடப் பேசமாட்டானா?

அவனுக்கு ஒரு வயது நிறையும் முன்பு, சின்னம்மா அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். பையனுக்கு எதிரே வெறும் சோற்றை வைத்தாள். வாயில் இன்னும் ஒரு சொல்கூட வராத அவன், உள்ளங்கையை நெளித்து மீன் கேட்டான்.

சின்னம்மா அம்மாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

இங்கே ஆஸ்பத்திரியில், தங்கை மகளின் குழந்தையின் முகத்துக்கு நேராக நானும் உள்ளங்கையை நெளித்தேன். அதன் கண்கள் கையோடு வந்தன.

"இன்னா பெரிம்மா பண்றீங்க?"

"நானும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கினு கீறேன்."