தட்டில் முளைத்த பச்சைப் புள்ளிகள்

குளிரையும் தாங்கும் சதைப்பற்றுச் செடிகளை விதையிலிருந்தே வளர்க்க ஆசைப்பட்டு, கையிலிருந்த விதை முழுவதையும் ஒரு தட்டு மணலில் தூவியிருந்தேன். பல வாரம் கழித்து, கடுகை விடச் சிறிதாகப் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன.

கொழும்பில் மகள் வீட்டுக்குப் போகும்போது, இங்கே குண்டசாலையில் பக்கத்து வீட்டுச் செல்வியிடம் தட்டைக் கொடுத்தேன். எவ்வளவு தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன்.

இன்று காலை திரும்பி வந்து பார்த்தால், தட்டில் வெறும் மணல்.

“மேல பூராவும் பாசி புடிச்சிருந்துச்சுங்க சேர். கரண்டியால சுரண்டி எடுத்துட்டேன். இனி ஒங்க விதை நல்லா மொளைக்கும் பாருங்க!”

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“ரொம்ப நன்றிம்மா” என்றேன்.

முளைத்துவிட்டது என்று அன்றே சொல்லியிருக்கலாம். ‘இத்தன நாளா இவ்வளவுதானா சேர்?’ என்று சிரிப்பாரோ என்ற கூச்சத்தில் அதை மட்டும் சொல்லாமல் விட்டேன். பாவம், அவர் மேல் என்ன தவறு?

இனித் தினமும் மதிலுக்கு மேலால் எட்டி, முளைத்துவிட்டதா என்று கேட்பாராம்.

நான் என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.