உப்பில்லாச் சோறு

வெள்ளைக்காரர் காலத்தில் கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்குப் போவதே பெரிய காரியம். ஏழாம் மாதத்தில் என் கையும் காலும் வீங்கி வளையலைக் கழற்ற முடியாமல் போனதால்தான் போனேன். டொக்டர் கையில் பட்டி சுற்றிப் பார்த்தார். இரத்த அமுக்கம் கூடிவிட்டது, பிள்ளை பிறக்கும்வரை உப்புத் தொடக்கூடாது என்றார்.

அன்றே என் கணவர் கோயிலில் நேர்த்தி வைத்தார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்வரை தானும் உப்பில்லாமல் சாப்பிடுவதாக. மீன்பிடித்துக் கடலால் வந்து அந்தச் சப்பைக் கறியோடு முகம் சுளிக்காமல் சோறு தின்றார். நானோ எங்கள் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் கருவாடு புரட்டும்போது தினமும் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். பசியல்ல, நாக்கு.

அடுத்த முறை அமுக்கம் இன்னும் ஏறியிருந்தது.

"உப்புச் சாப்பிட்டனீங்களோ?" என்று டொக்டர் என்னைக் கேட்டார்.

"இல்லை ஐயா. நானும் இவவோடை உப்பில்லாமல்தான் சாப்பிடுறன்," என்று கணவர் முந்திக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

பிள்ளை நாள் முந்திப் பிறந்து, எப்படியோ தப்பியது. ஞானஸ்நானத்தில் குருவானவர் வழக்கப்படி அதன் நாக்கில் உப்பு வைத்தார்.

"இனி நாங்கள் ரெண்டு பேரும் உப்புச் சாப்பிடலாம்," என்று கணவர் என் காதில் சொன்னார். பிள்ளையின் வாயைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.