எண்பத்தைந்து ஹெர்ட்ஸ் கொளஞ்சியப்பன்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த கொளஞ்சியப்பனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: ஃபார்மட், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது. மவுஸ் நகரவில்லையா, ஃபார்மட். பிரிண்டரில் பேப்பர் சிக்கியதா, அதற்கும் ஃபார்மட். முன்பு திருமானூரில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். பாடாத ரேடியோவின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். சில பாடவும் செய்தன. பிறகு அரியலூரில் மூன்று மாத கோர்ஸ் முடித்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார். அன்றிலிருந்து அவர் என்ஜினியர்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த மெஷினைத் தொட்டாலும் அதிலுள்ள எண்களையெல்லாம் உச்சத்தில் தூக்கி வைத்துவிடுவார். கேட்டால், "காசு குடுத்து வாங்கினது, எதுக்குக் கொறச்சு வைக்கணும்?" என்பார்.

2005இல் லெப்பைக்குடிகாட்டிலிருந்து ஹபீபா போன் செய்து வரச்சொன்னாள். துபாயிலிருந்து கணவன் நிஜாமுதீன் அனுப்பிய கம்ப்யூட்டரில், சமையல் முடிந்ததும் கார் ரேஸ் ஆடுவது அவள் வழக்கம். போன வாரம் கொளஞ்சியப்பன் சர்வீஸ் செய்துவிட்டுப் போனதிலிருந்து, கேமைத் திறந்தால் திரை கறுத்து, 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று ஒரு பெட்டி மட்டும் மிதந்தது.

"மத்ததெல்லாம் நல்லாத்தான் தெரியுதுண்ணே. கேம் திரை முழுக்க வந்தா மட்டுந்தான் கறுப்பாயிடுது."

"வைரஸு." மானிட்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபார்மட் போட்டாத்தான் போவும்."

"உள்ள பாப்பா போட்டோ இருக்குண்ணே. பொறந்ததுலேருந்து எடுத்தது. அவ அத்தா இன்னும் புள்ளைய நேர்ல பாக்கல. நோம்புக்கு வராங்க, காட்டணும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா. இருபது வருஷ சர்வீஸு."

அதில் பதினேழு வருஷம் ரேடியோ. போட்டோ எங்கே இருக்கிறது என்று பார்க்கும் சிரமத்தை அந்த மனுஷர் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபார்மட் முடிவதற்குள் ஹபீபாவின் மாமியார் கொடுத்த இரண்டு டீயையும் ஒரு தட்டு சமோசாவையும் முடித்தார். கேமை மறுபடி ஏற்றி, ஹபீபா பார்த்துக்கொண்டிருக்க, பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் உச்சத்துக்குத் தள்ளி, திரை நொடிக்கு மினுக்கும் வேகத்தையும் எண்பத்தைந்து ஹெர்ட்ஸாக்கித் திறந்தார். கறுப்பு.

"மானிட்டரே போச்சும்மா. புதுசு வாங்கிடுங்க."

ஹபீபா உள்ளே போய் மானிட்டரோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தாள். கொளஞ்சியப்பன் ஜென்மத்தில் அப்படி ஒன்றைப் பிரித்ததில்லை.

"இந்த சைஸுக்கு அறுபது ஹெர்ட்ஸ்தான் தாங்கும்னு போட்டிருக்கு. நீங்க எம்பத்தஞ்சு வச்சிருக்கீங்களே?"

கீபோர்டில் ஆல்ட்டையும் டேபையும் அழுத்திக் கேமிலிருந்து வெளியே வந்து, அதன் செட்டிங்ஸில் அறுபதை வைத்தாள். கார் ஓடியது. ஒரு நிமிஷ வேலை.

"பாப்பா போட்டோ எங்கண்ணே?"

கொளஞ்சியப்பன் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தார். எல்லாம் காலி. வெட்கப்படத் தெரியாத மனுஷர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "போட்டோதானம்மா. புள்ள இங்கதான இருக்கு, திரும்ப எடுத்துக்கலாம்."

இரண்டரை வயது பாப்பா மர்ஜியா நாற்காலியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள். ஹபீபா அவளை இறக்கி அவர் முன்னால் நிறுத்தினாள்.

"சரிண்ணே. இவளப் பொறந்த புள்ளையாக்கிக் குடுங்க, எடுத்துக்கறேன்."