ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு பாய்

என் எழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ‘ல’ போடுவது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கம் இல்லை. படிக்கிறவர்கள் பிழைகளைத் தாங்களே சரிசெய்துகொண்டு படிக்க வேண்டும். இது வாயால் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். என் மனைவியின் தம்பியிடம், மாசி மாதமே சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டைல்ஸ் கடையில் வேன் ஓட்டுகிறேன். பதினோரு வருடம் ஆகிறது. காலையில் லோடு ஏற்றிக்கொண்டு போய், வீடு கட்டுகிற இடங்களில் இறக்கிவிட்டு வருவேன். மாதச் சம்பளம். வெளியூர் போனால் தனியாகப் பேட்டா. இறக்குகிற ஆட்கள் வரத் தாமதமானால் முதலாளி அந்த வீட்டுக்காரரிடம்தான் போனில் சத்தம் போடுவார், என்னிடம் போட மாட்டார். காத்திருக்கிற நேரத்தில் அந்த வீட்டிலேயே டீ வாங்கித் தருவார்கள். எங்கள் பக்கம் லோடு வண்டிக்கு இதெல்லாம் பேசாமலே நடக்கிற வழக்கம்.

குறை என்றால் ஒன்றுதான். சம்பளம் மூன்று வருடமாக ஏறவில்லை. கேட்டால் ஏற்றித் தருவார் என்றுதான் நினைக்கிறேன். கேட்க எனக்கு வாய் வராது. கல்லாவுக்கு முன்னால் போய் நிற்பேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “என்னய்யா?” என்பார். “டீசல் போடணும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு தடவை டேங்க் நிறைந்திருக்கும்போதே அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவரும் பணம் கொடுத்தார். சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

பெரிய பெண் பிளஸ் டூ முடிக்கிற வருடம் அது. அடுத்து கல்லூரி. வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன். அந்தச் சமயத்தில்தான் மச்சான் அந்த வேலையைப் பற்றிச் சொன்னான். என்னைவிட எட்டு வயது சின்னவன். யாராவது கூப்பிட்டால் போய் அவர்கள் வண்டியை ஓட்டிக்கொடுக்கிற ஆக்டிங் டிரைவராக இருந்தான்.

“மாமா, பார்சல் கம்பெனி ஒண்ணு வந்துருக்கு. கடலூர்ல ஏத்தி சிதம்பரத்துல எறக்கணும். வண்டி நம்ம பேர்லயே. லோனுக்கு அவுங்களே ஆள் காட்டுறாங்க. மொதலாளி கெடையாது, நாமதான் எல்லாம்.”

“எவ்ளோ வரும் மச்சான்?”

“ஓட்டத்தப் பொறுத்து ஜாஸ்தி வரும்ங்கிறாங்க.”

“எதவிட ஜாஸ்தி?” என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்.

“நீ சும்மா இரு அக்கா. மாமா, பதினோரு வருஷமா ஒரே சீட்டு. அது உங்க அளவுக்குக் குழிஞ்சி போயிருக்கும். நாளைக்கி நீங்க எறங்கிப் போனாலும் யாரோ உக்காந்துருக்குற மாதிரியேதான் இருக்கும்.”

மனைவி சிரித்தாள். சீட் குழிந்திருப்பது உண்மைதான்.

எனக்கு ஆசை வந்தது. அதிகப் பணம் வரும் என்பதைவிட, கடையை விட்டு விலகுவதற்கு ஒரு வார்த்தை போதும் என்பதுதான் காரணம். சம்பளம் ஏற்றிக் கேட்பதற்கு எத்தனை வார்த்தை வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பேரும் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். ஊருக்கு வெளியே, தகரக் கொட்டகைக்குள் ஒரு கண்ணாடி அறை. கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த ஒருவர் எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்து உட்காரச் சொன்னார்.

“அண்ணே, நீங்க இங்க டிரைவர் கெடையாது. பார்ட்னர்” என்றார்.

“மாசம் எவ்ளோ நிக்கும் சார்?” என்று மச்சான் கேட்டான்.

“அது உங்க கையிலதாண்ணே இருக்கு.”

மச்சான் தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி, ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார். போட்டால் கடையை விட வேண்டும். வண்டி லோன் என் பேரில் விழும். கடை வேனில் வேறு ஆள் ஏறிவிட்டால் பிறகு திரும்பிப் போக முடியாது.

படிவம் தமிழில்தான் இருந்தது. பத்தாவது படித்த என் மனைவி அதை இரண்டு முறை படித்தாள்.

“நாலு பக்கம். நாம என்னென்ன செய்யணும்னு மூணே முக்கால் பக்கம் போட்டுருக்கு. அவுங்க குடுக்குறதப் பத்தி ஒரே வரி. ‘கட்டணம் அவ்வப்போது தீர்மானிக்கப்படும்’னு.”

“சரி.”

“என்ன சரி? அவ்வப்போதுன்னா எப்பன்னு போய்க் கேளுங்க.”

கேட்கிறேன் என்றேன். நான் கேட்க மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. பார்சல் கம்பெனிக்கு லீவு இல்லை. காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். யாரையும் கேட்காமல், பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். வண்டியைப் பார்த்தால் ஓட்டம் எப்படி என்று ஒரு டிரைவருக்குத் தெரிந்துவிடும். பைபாசில் இறங்கி, கம்பெனி குடோனுக்கு எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

குடோன் வாசலில் ஆறு வண்டிகள் நின்றன. எல்லாம் லோடு இறக்கி முடித்தவை. டயர்கள் புதுசு போலவே இருந்தன. ஒரு வண்டியின் பக்கக் கண்ணாடியில் நீலக் கட்டம் போட்ட கைலி காய்ந்துகொண்டிருந்தது. சீட்டுக்குப் பின்னால் சுருட்டிய பாய். அடுத்த வண்டியிலும் பாய். ஆறு வண்டியிலும் இருந்தது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு மணி நேரம், மெதுவாக வந்தால் ஒன்றேகால். அதற்கு எதற்குப் பாய் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் ஆகியும் ஒரு வண்டியும் நகரவில்லை.

மூன்றாவது டீ குடிக்கும்போது கைலி காய்ந்த வண்டியின் டிரைவர் ரோட்டைத் தாண்டி வந்தார். உட்காரவில்லை. என் முன்னால் நின்றார்.

“அண்ணே, எந்த பைனான்ஸ்லேர்ந்து வந்துருக்கீங்க?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. தவணை கட்டாத வண்டியைத் தூக்கிப்போக பைனான்ஸ்காரர்கள் ஆள் அனுப்புவார்கள். அந்த ஆட்களும் இப்படித்தான், டீக்கடையில் உட்கார்ந்து நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளைச் சட்டை, யாரிடமும் பேச்சு இல்லை, இரண்டு மணி நேரமாக வண்டிகள் மேலேயே கண். அவர் என்னை வேறு யாராக நினைப்பார்?

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

“ரெண்டு தவணதாண்ணே நிக்குது. ஏமாத்துற ஆளு இல்ல நான். ஓட்டமே இல்ல. காலைல ஆறு மணிக்கி வந்து எறக்கிட்டோம். ரிட்டன் பார்சல் சேர்றதுக்கு சாயங்காலம் அஞ்சு ஆயிடும். நடுவுல வெளி லோடு போவக் கூடாது, போனா கம்பெனி ஆப்லேர்ந்து பேர எடுத்துருவாங்க. சக்கரம் சுத்துனாதான் காசு. நாள் பூரா நிக்கிறதுக்கு ஒண்ணும் கெடையாது.”

“நீங்க கேக்கலீங்களா?”

“கேட்டா, நீங்கதான் பார்ட்னராச்சேங்கிறான். பார்ட்னருக்கு எவன்ணே வெயிட்டிங் காசு குடுப்பான்?”

அதற்குள் எதிரில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகி, குடோனுக்குப் பின்பக்கம் போனது. அன்று காலையில் நகர்ந்த முதல் வண்டி அதுதான்.

“அவர் எங்க போறாரு?” என்றேன்.

“அவனுக்கு மூணு தவண.”

“நான் பைனான்ஸ் ஆள் இல்லீங்க.”

மெதுவாகச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. அவர் சிரித்தார். “நீங்க எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்லுவீங்க.” கடைக்காரரிடம் என்னுடைய மூன்று டீக்கும் ஒரு வடைக்கும் அவரே காசு கொடுத்தார். நான் சட்டைப்பையில் கை வைத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “பத்து நாள் பொறுத்துக்கச் சொல்லுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய், பாயை எடுத்து வண்டி நிழலில் விரித்தார். ஆனால் படுக்கவில்லை. உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய், நானும் டிரைவர்தான் என்று சொல்லியிருக்கலாம். இருபது அடி தூரம். கடலூர் பஸ் வந்தது. கை காட்டி ஏறிவிட்டேன்.

மறுநாள் காலையில் மச்சான் பேனாவோடு வந்தான். அவன் படிவத்தில் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது.

“போடுங்க மாமா, போவலாம்.”

“நாள் பூரா நிக்கணும் மச்சான். நிக்கிறதுக்குக் காசு கெடையாது.”

“யாரு சொன்னா?”

“கேள்விப்பட்டேன்.”

“யார்கிட்ட? நீங்கதான் யார்கிட்டயும் பேசவே மாட்டீங்களே.”

மனைவியும் என்னைப் பார்த்தாள். யார் சொன்னது என்று சொன்னால் எப்படிச் சொன்னார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் பயந்துபோய் என்னிடம் கெஞ்சியதையும், அவர் காசில் நான் டீ குடித்துவிட்டு வந்ததையும் சொல்ல வேண்டும். நான் பேனாவை வாங்கவில்லை.

“உங்களுக்கு பயம் மாமா” என்று சொல்லிவிட்டு மச்சான் போனான். அதுவும் உண்மைதான். அதனால் அவன் என் பேச்சை நம்பவில்லை.

எட்டு மாதம் ஆகிறது. நான் கடையில்தான் இருக்கிறேன். சம்பளம் ஏறவில்லை, நானும் கேட்கவில்லை. பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அதற்காக மனைவி ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். மச்சானுக்குத் தீபாவளியை ஒட்டி நல்ல ஓட்டம் இருந்தது என்கிறார்கள். மற்ற மாதங்களைப் பற்றி அவன் பேசுவதில்லை. நான் செய்தது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவனிடம் பாதி மட்டும் சொன்னது சரியில்லை என்பது தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, பழைய பாய் இருந்தா ஒண்ணு குடு.”

“எதுக்குடா?”

“வண்டில போட.”

அவள் பரண் மேலிருந்து ஒரு கோரைப்பாயை எடுத்துத் தட்டிக் கொடுத்தாள். அவன் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

“மாமா, அன்னைக்கி உங்களுக்கு நெஜமா யாரு சொன்னது?”

“எழுதித் தரேன்” என்றேன்.

“நீங்களா?” என்று சிரித்துவிட்டுப் போனான்.

மச்சான், இதுதான் நடந்தது. சிதம்பரம் குடோன் வாசலில் கண்ணாடியில் நீலக் கட்டம் போட்ட கைலி காய்கிற வண்டி இன்னும் வருகிறதா என்று பார். வந்தால், அந்த வெள்ளைச் சட்டைக்காரர் பைனான்ஸ் ஆள் இல்லை, என் மாமாதான் என்று அவரிடம் சொல். மூன்று டீயும் ஒரு வடையும் என் கணக்கில் வாங்கிக் கொடு. பாயை அவர் பக்கத்திலேயே போட்டுக்கொள்.

மழையில் லோடு இல்லாததால் கடையில் உட்கார்ந்து எழுதியது.

ஐப்பசி 26, புதன்கிழமை.