தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்த புறா

அவனியாபுரம் தாண்டி ரிங் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கம்பிக்கூடை. கூடைக்குள் என் பெட்டைப் புறா. லாரி கடக்கும்போதெல்லாம் இறக்கையை அடித்துக்கொண்டது. கூடையோடு ஏறக் கூடாது என்று பஸ்ஸில் இறக்கிவிட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு திருப்பூர், ஓசூர், கொச்சி என்று எங்கெங்கோ பிழைத்திருக்கிறேன். வேலை போனால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது பழகிவிட்டது. இந்த முறை புறாவும் கூட வந்தது, அவ்வளவுதான்.

அன்று காலைவரை வில்லாபுரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். கடை முதலாளிதான் எங்கள் புறாப் பந்தயச் சங்கத்தின் செயலாளர். அவர் வீட்டு மொட்டை மாடி அறையில் படுத்துக்கொள்வேன். அவருடைய கூண்டுகளுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கூண்டு இருந்தது. இந்தப் பெட்டையைக் குஞ்சிலிருந்து அங்கேதான் வளர்த்தேன்.

எங்கள் பந்தயத்தில் புறா ஊர்விட்டு ஊர் போகாது. காலையில் அவரவர் மாடியிலிருந்து விட வேண்டும். அதிக நேரம் வானத்தில் நின்றுவிட்டு அதே மாடியில் இறங்கும் புறாவுக்குப் பரிசு. நடுவில் வேறு எங்கே உட்கார்ந்தாலும் அவுட். ரொம்ப நேரம் கண்ணில் படாவிட்டாலும் அவுட். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். அன்று சங்கத்து ஆள் ஒருவர் நடுவராக வந்து மாடியில் அண்ணாந்து உட்கார்ந்திருப்பார். யார் வீட்டுக்கு யார் என்று சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும் என்பது விதி. குலுக்கி நான் பார்த்ததில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே டீக்கடை பெஞ்சு. தலைவர் மாடிக்குச் செயலாளர், செயலாளர் மாடிக்குப் பொருளாளர். எங்களைப் போன்றவர்களுக்குத் தலைவரின் மச்சான்.

என் முறை வந்த அன்று பெட்டை நல்ல உயரம் பிடித்துவிட்டது. மச்சான் நிழலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து, “புறாவக் காணோம்ப்பா. அவுட்டு” என்றார்.

“அண்ணே, அந்தா மேகத்துக்கு இந்தப் பக்கம் நிக்குது பாருங்க.”

“எங்கடா? எனக்குத் தெரியலயே.”

“போனக் கீழ வச்சுட்டுப் பாருங்கண்ணே.”

“நடுவரு நீயா, நானா?” என்று எழுந்து போய்விட்டார். பொழுது சாயும் நேரத்தில் பெட்டை எங்கள் மாடியிலேயே வந்து இறங்கியது. பார்க்க நடுவர் இல்லை.

அடுத்த சில நாளில் தலைவரின் முறை. நடுவராகப் போன செயலாளருக்கு டீ வாங்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். உச்சி வெயிலில் தலைவரின் சேவல் புறா கிறுகிறுவென்று இறங்கிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து, வழிந்த தண்ணீரைக் குடித்தது. செயலாளர் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, “என்னா வெயிலு மாப்ள” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம். முதல் பரிசு தலைவருக்கு என்று வாசித்தார்கள். நான் எழுந்து, அந்தச் சேவல் தொட்டியில் உட்கார்ந்ததைச் சொன்னேன். சீட்டுக் குலுக்கி நடுவர் போட்டு எல்லாருக்கும் மறுபடி நடத்துங்கள் என்றேன்.

“அது என் சேவலே இல்லப்பா. ஊருல எம்புட்டுப் புறா பறக்குது” என்றார் தலைவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். பசுமலையிலிருந்து வரும் வாத்தியாருக்கும் போன வருஷம் இதே கதைதான் நடந்தது. அவர் என் சட்டையைப் பிடித்திழுத்து, “உக்காருப்பா, அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

நான் உட்காரவில்லை. செயலாளர் எழுந்தார்.

“ஏன்டா, மாடி என்னுது, சோறு என்னுது. என் வீட்டுல தங்கிக்கிட்டு என்னையே பொய்யங்கிறியா?”

“நீங்க பாத்தீங்களாண்ணே, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“புறாவத் தூக்கிட்டு இன்னைக்கே கிளம்பு. ஆனா எங்க கொண்டுபோய் விட்டாலும் அது என் மாடிக்குத்தான் வரும். வந்தா என்னுது.”

அதுவும் சங்கத்து வழக்கம்தான். ஒருவர் மாடியில் வந்து இறங்கிப் பிடிபட்ட புறா அவருக்கே சொந்தம். பெட்டைக்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதான். புது இடத்தில் இறக்கையை நூலால் கட்டி, சுற்றுப்புறம் கண்ணில் படும்படி கூண்டிலேயே பல வாரம் வைத்திருந்தால்தான் பழைய மாடியை விடும். கட்டை அவிழ்த்த பிறகும் உறுதியில்லை. அதற்கு எனக்கு ஒரு மாடி வேண்டும். அது கிடைக்கும்வரை பெட்டையைக் கூடையிலிருந்து வெளியே விடுவதாக இல்லை.

வழியில் இரண்டு இடத்தில் கேட்டேன். ஒரு லாட்ஜில் கூடையைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார்கள். ஒரு மெக்கானிக் ஷெட்டில் தங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் தகரக் கூரை. இருட்டுவதற்குள் கப்பலூர் போய்ச் சேர்ந்து, பஸ் நிறுத்தத்தில் கூடையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.

காலையில் தொழிற்பேட்டைக்குள் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் கம்பெனி ஒன்றில் முதலாளியம்மா வாசலில் நின்று ஆட்டோவிலிருந்து மூட்டை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்ன வேல தெரியும்?”

“எதுவும் பாப்பேன்மா. மொட்ட மாடியில ஒரு கூண்டு வச்சுக்க இடம் குடுத்தாப் போதும்.”

“வேல கேட்டு வந்தியா, மாடி கேட்டு வந்தியா?”

“ரெண்டுந்தான்.”

அவர் கூடையைக் குனிந்து பார்த்தார். “மாடியில அசிங்கம் பண்ணா நீதான் கழுவணும். முகமூடி போட்டுக்க, தூசி ஜாஸ்தி” என்றார்.

முதலில் மாடிக்குப் போய்ப் பெட்டையின் இறக்கையைக் கட்டிவிட்டு இறங்கினேன். பிறகு மூட்டைகளைப் பிரித்து, உடைந்த குடத்தையும் வாளியையும் நிறம் நிறமாகப் பிரித்துப் போடத் தொடங்கினேன்.