சென்னை வரை போய் வந்த கிஃப்ட் கார்ட்

ஊரில் யாருக்கும் விளங்காத சாமான் எல்லாம் கடைசியில் வந்து சேருகிற இடத்துக்குப் பெயர்தான் கம்யூனிகேஷன் கடை. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் அப்படி ஒன்றை நடத்துகிறேன். ஃபோட்டோ கொப்பி, ரீலோட், லெமினேட்டிங் என்று பலகையில் எழுதியிருக்கிறது. எழுதாத வேலைகள்தான் அதிகம். நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளுகிறவர் என்றால் கீழே வருவதைச் சுலபமாக நம்புவீர்கள்.

முதலில் லெமினேட்

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த யோகேஸ்வரி துபாயில் வீட்டு வேலை முடித்து ஊர் திரும்பிய வாரம், பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கார்டைக் கொண்டுவந்து நீட்டினார். மகள் பவித்ரா கம்பஸுக்குத் தெரிவாகியிருந்தாள். அவளுக்கு லெப்டொப் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த வீட்டுக்கார மேடம், புறப்படும்போது இந்த கார்டைக் கையில் வைத்து, பிடித்ததாகப் பார்த்து வாங்கிக்கொள் என்று அனுப்பிவிட்டாராம்.

புரட்டிப் பார்த்தேன். அங்குள்ள ஒரு பெரிய கடையின் கிஃப்ட் கார்ட். அந்தக் கடைக்கு இலங்கையில் கிளையே கிடையாது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இது இங்க செல்லாதேம்மா" என்றேன். அவர் அசையவில்லை. பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் செய்வதைத்தான் இதற்கும் கேட்டார். "செல்லுறது பொறகு பாத்துக்கலாம் அண்ணே, மொதல்ல நனையாம லெமினேட் பண்ணிக் குடுங்க!"

நானா ஓதிய வரி

மெஷினிலிருந்து கார்ட் சூடாக வெளியே வந்த நேரத்தில் நவாஸ் நானா கடைக்குள் வந்தார். சாரி வியாபாரம். சரக்கு எடுக்க அடிக்கடி சென்னைக்குப் போகிறவர். கார்டின் பின்பக்கம் அரபியில் ஒரு நீண்ட வரி இருந்தது. சின்ன வயதில் மத்ரசாவில் ஓதிய நாக்கு. நிறுத்தி, நீட்டி, ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தார். கொப்பி எடுக்க வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யோகேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அர்த்தம் என்ன நானா?" என்று கேட்டேன். அவர் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஓதத்தான் படிச்சிக் குடுத்தாங்க தம்பி, அர்த்தம் கேட்டா அடிச்சாங்க!"

சென்னையில் கத்தரிக்கோல்

அந்தக் கடைக்குச் சென்னையில் கிளை இருக்கிறது, அதே பெயர், அதே பச்சைப் பலகை என்று நானாதான் சொன்னார். அடுத்த பயணத்தில் கார்டையும் எடுத்துப் போனார். லெப்டொப்பைத் தெரிவு செய்து, பெட்டியோடு வரிசையில் நின்று, கார்டை நீட்டியிருக்கிறார். லெமினேட் தடிப்பில் அது மெஷினுக்குள் போகவில்லை. காசாளர் கத்தரிக்கோல் எடுத்து ஓரத்தை வெட்டி உரித்தார். உரித்த தாளோடு, இரகசிய எண்ணை மறைத்திருந்த வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் மெஷின் மறுத்தது. கார்டில் இருப்பது திர்ஹம். அங்கே ஓடுவது இந்திய ரூபாய். மேலாளர் வரைக்கும் போய்ப் பேசிப் பார்த்திருக்கிறார். பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்ட காசாளர் சொன்னதை நானா என் கவுண்டரில் நின்று அப்படியே ஒப்புவித்தார். "சார், கார்டு எங்களுதுதான். ஆனா அதுக்குள்ள இருக்கற காசு எங்களுது இல்ல!"

அந்த நாட்டு நம்பர்

உரிந்து, ஓரம் வெட்டுப்பட்டு வந்த கார்டைப் பார்த்ததும் யோகேஸ்வரி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கம்பஸ் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். தோட்டத்து லயத்தில் அதற்குள் கதை கட்டிவிட்டார்கள்: மேடம் வெறும் கார்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாள் என்று. காசு இருக்கிறதா என்று பார்க்க நானும் பவித்ராவும் அந்தக் கடையின் ஆப்பைத் திறந்தோம். துபாய் போன் நம்பர் கேட்டது. எங்களிடம் ஏது?

லைசன்ஸ் கொப்பி எடுக்க வந்த சிறிபால இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். சீகிரியாப் பாறையில் சுற்றுலா வழிகாட்டி. தமிழ் நன்றாகப் பேசுவார். "என்ன முதலாளி, கார்ட் அங்க போகணும்னு ஏன் அலையிறீங்க? அந்த நாட்டு ஆளுங்கதான் தெனமும் நம்ம கல்லு ஏற வாறாங்களே!"

பாறை அடியில் பால்மா

ஒரு கிழமைக்குள் துபாயிலிருந்து ஒரு குடும்பம் சீகிரியாவுக்கு வந்தது. யோகேஸ்வரியையும் பவித்ராவையும் கூட்டிக்கொண்டு நானும் போனேன். அந்தக் குடும்பத் தலைவர் முதலில் பின்பக்க வரியை வாசித்தார். வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைச் சிறிபால மொழிபெயர்த்தார். 'இந்த நாட்டுக் கிளைகளில் மட்டுமே செல்லும். பணமாக மாற்ற முடியாது.' இதற்குத்தான் யோகேஸ்வரி செருப்பைக் கழற்றியிருக்கிறார்!

பூச்சுப் போன கார்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. யாராவது ஏற்கெனவே எடுத்திருக்கலாம் என்றார். பவித்ரா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தன் போனில் எண்ணைத் தட்டினார். பணம் அப்படியே இருந்தது. லெப்டொப்பும் வாங்கி அதற்கொரு பையும் வாங்கும் அளவுக்கு. மேடம் ஏமாற்றவில்லை. அங்கேயே, சீகிரியாப் பாறைக்குக் கீழே நின்றபடி, அவர் அந்தக் கார்டுப் பணத்தில் துபாயில் இருக்கும் தன் தாயாருக்கு அரிசி, பால்மா, வோஷிங் மெஷின் எல்லாம் ஓடர் பண்ணினார். கார்டை மெஷினில் போடவே தேவையில்லை, எண் போதும்! நாங்கள் அதை லெமினேட் பண்ணிக் கடல் தாண்ட வைத்திருந்தோம். அந்தத் தொகையை அன்றைய திர்ஹம் விலைக்கு இலங்கை ரூபாயாகக் கணக்குப் பார்த்து யோகேஸ்வரி கையில் கொடுத்தார்.

கொமிஷன் எவ்வளவு என்று சிறிபாலவிடம் தயங்கிக் கேட்டேன். அவர் பர்ஸிலிருந்து கலைமான் படம் போட்ட ஒரு பழைய கிஃப்ட் கார்டை உருவினார். "கொமிஷன் வேணாம் முதலாளி. இது ஜெர்மன்காரன் டிப்ஸா குடுத்தது. இவன் ஊரு ஆள் யாராச்சும் ஒங்க கடைக்கு வந்தா மட்டும் சொல்லுங்க!"

பெட்டிக்குள் இருந்தது

கண்டியில் லெப்டொப் வாங்கிய கையோடு தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். பவித்ரா பெட்டியைத் திறந்து காட்டினாள். நானா வந்து பார்த்து, இந்த முறை எதையும் வாசிக்காமல், "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது யோகேஸ்வரி பெட்டிக்குள் கையை விட்டு எதையோ எடுத்தார். "அண்ணே, இந்த வாரண்டி கார்டையும் ஒரு லெமினேட் அடிச்சிக் குடுத்திருங்களேன்!"

கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு அதிர்ச்சி எத்தனை வந்தாலும், மெஷினைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.