ஐந்து கீறல் விழுந்த கோதுகள்

என்னுடைய ரிவோல்வர் நாற்பத்தொரு மக்னம். அதற்குரிய தோட்டா மொன்றியலில் இலேசில் கிடைக்காது. அதனால் சுட்ட வெற்றுப் பித்தளைக் கோதுகளுக்கே வீட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பி, துப்பாக்கிச் சுடும் கிளப்பில் சுடுகிறேன்.

இன்று இணையத்தில் ஒரு விளம்பரம் கண்டேன். அதே அளவுக் கோதுகள், "ஒருமுறை மட்டும் சுட்டவை."

லொங்குய்ய் மெற்றோ ரயில் நிலைய வாசலில் சந்தித்தோம். விற்க வந்தவரும் நம்மவர்தான். கோதுகள் பளபளத்தன.

"எங்கை எடுத்தனீர் தம்பி?"

"கிளப்பில நிலத்தில கூட்டி அள்ளினது அண்ணை."

எனக்கு அங்கேதான் இடித்தது. ரிவோல்வர் கோதைத் தானாக வெளியே எறியாது, சுட்டவர்தான் தட்டி எடுக்க வேண்டும். கிடைப்பதற்கரிய கோதை எவர் நிலத்தில் விட்டுப் போவார்?

ஒன்றை எடுத்து விளிம்பைத் தடவினேன். அரத்தால் போட்ட ஐந்து கீறல்.

ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் ஒரு கீறல் போடுவது என் பழக்கம். ஐந்து ஆனால் பித்தளை பிளக்கக்கூடும் என்று கிளப்பின் கழிவு வாளியில் போட்டுவிடுவேன்.

"உண்மையைச் சொல்லும். வாளிக்குள்ள எடுத்தனீரோ?"

"ஓம் அண்ணை. ஆரோ விசரன் நல்ல சாமானை எறிஞ்சிருக்கிறான்."

அந்த விசரன் பையோடு வாங்கிவந்து, எல்லாவற்றையும் சுத்தியலால் நசுக்கினான். எறிய முன்னரே செய்திருக்க வேண்டிய வேலை.

ஆனால் காசை வாங்கிக்கொண்டு போகும்போது விற்றவர் சொன்னார்: "முதல் பை போன கிழமையே வித்துப்போச்சு." யாருக்கென்று கேட்டால் சிரிக்கிறார்.

வாங்கியவர் இதை வாசித்தால், விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஐந்து கீறல் இருந்தால் சுடாதீர்கள். இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள், விசரன் வந்து எடுத்துக்கொள்வான்.